நர்ஸ்கள் சோர்ந்துபோகிறார்கள்: ஆலோசகரா, யோகாவா, கூடுதல் ஆளா? சிறு மருத்துவமனைகளுக்கு ஓர் ஒப்பீடு

"அக்கா, மாசம் ஒன்றரை லட்சம் ஒதுக்க டாக்டர் ஒருவழியா சம்மதிச்சுட்டார். கவுன்சிலர் ஒருத்தரை வைக்கவா, யோகா கிளாஸ் ஆரம்பிக்கவா, இல்ல ஸ்டாஃப் எடுக்கவா? எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் பண்ணிப் பார்க்கலாமா?"

அறுபது படுக்கை கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையின் இன்சார்ஜ் சிஸ்டர் போன மாதம் என்னிடம் கேட்டது இது. நாலு மாதத்தில் அவர் வார்டில் மட்டும் ஆறு பேர் வேலையை விட்டிருந்தார்கள். ஐம்பதிலிருந்து நூறு படுக்கை வரையுள்ள மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் பலர் வேறு வேறு வார்த்தையில் இதையே கேட்கிறார்கள். இருபத்திரண்டு வருடம் வார்டில் நின்றவள் நான். அதில் ஒன்பது வருடம் டியூட்டி லிஸ்ட் போடும் நோட்டு என் கையில் இருந்தது. அந்த நோட்டை வைத்துத்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யலாமா என்பதற்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். ஒன்றரை லட்சத்தைக் கீழே வரும் ஆறு வழிக்கும் பிரித்தால் எதுவுமே ஆள்மேல் படாது.

## எதைத் தடுக்கப் பார்க்கிறோம்?

பர்ன்அவுட் என்கிற பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய் வகைப்பாட்டின் பதினொன்றாம் பதிப்பில் வரையறுத்தது. அதை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. சரிவரக் கையாளப்படாத, நாள்பட்ட பணியிட அழுத்தத்தால் வரும் நிலை என்றே குறித்தது. மூன்று அடையாளங்களையும் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, தன் வேலையால் பயனில்லை என்ற எண்ணம்.

இந்த மூன்றும் வார்டில் வேறு பாஷையில் கேட்கும். "எழுந்திருக்கவே உடம்பு வரமாட்டேங்குது" என்பது முதலாவது. "நான் பார்த்து என்ன ஆகப்போகுது" என்பது மூன்றாவது. நடுவில் உள்ளதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் அது புகாராக வெளியே வராது. என்னோடு வேலை பார்த்த ஒரு பெண், வந்து சேர்ந்த புதிதில் கேனுலா (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் குழாய்) போடும்போதெல்லாம் "பாட்டி, கொஞ்சம் கையை நீட்டுங்க, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்பாள். ஒன்றரை வருடம் கழித்து ஒரு நாள் காலை ஹேண்ட்ஓவரில் (அடுத்த ஷிப்டிடம் நோயாளிகளை ஒப்படைக்கும்போது) அவள் சொன்னது: "பதினாலு சத்தம் போட்டுக்கிட்டே இருந்துச்சு, நைட் முழுக்க." பதினாலு என்பது படுக்கை எண். அந்த வாரம் அவளுக்கு ஆறு இரவு. நோட்டில் எழுதியவள் நான்தான்.

அழுத்தம் பணியிடத்திலிருந்து வருகிறது என்பதை ஒப்புக்கொண்டால், பணத்தை எங்கே போடுவது என்பதில் பாதி தெளிந்துவிடும்.

## எடைபோட நான் வைத்துக்கொள்ளும் கேள்விகள்

நேரத்தைக் கொடுக்கிறதா, எடுக்கிறதா? என் முதல் கேள்வி எப்போதும் இதுதான். நர்ஸின் தூக்கத்திலிருந்தோ ஆஃப் நாளிலிருந்தோ ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டு நடத்தப்படும் எந்தத் திட்டமும் அவளுக்கு இன்னொரு டியூட்டிதான்.

கடைசி ஆள்வரை போய்ச் சேருமா? நைட் பார்க்கும் ஸ்டாஃப், ஒப்பந்தத்தில் இருக்கும் ஹவுஸ்கீப்பிங் அம்மா, லேப் டெக்னீஷியன், டயாலிசிஸ் பையன் எல்லோரையும் எண்ணுங்கள். பகல் பத்து மணிக்கு மீட்டிங் ஹாலில் நடப்பது இவர்களில் பாதிப் பேருக்குக் கிடைக்காது.

பில்லில் வராத செலவு என்ன?

பயமில்லாமல் பயன்படுத்த முடியுமா? பயன்படுத்தியவரின் பெயர் ஒரு ரிஜிஸ்டரில் ஏறும் என்றால், மிகவும் தேவைப்படுகிறவர்தான் முதலில் ஒதுங்குவார்.

## 1. ஆள் சேர்த்து, டியூட்டி நேரத்தைக் குறைப்பது

அதிகச் செலவு பிடிப்பது இது. அதனாலேயே எல்லோரும் இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்க்காமல் தள்ளுவதுதான் என் வருத்தம். வாருங்கள், போட்டுப் பார்ப்போம்.

முப்பது படுக்கை வார்டு. சாதாரண வார்டுக்கு, பொது மருத்துவமனை என்றால் ஒரு நர்ஸுக்கு 5 நோயாளி, போதனா மருத்துவமனை என்றால் 3 நோயாளி என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. லீவுக்கென்று 30% ஆள் தனியாக இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. நாம் சற்றுத் தளர்த்தி ஆறு நோயாளிக்கு ஒருவர் என்றே வைப்போம். எந்த நேரமும் வார்டில் ஐந்து பேர் நிற்க வேண்டும்.

ஒரு இடத்தை வாரம் முழுக்க நிரப்ப 168 மணி நேரம் ஆகும். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், ஒரு நாள் ஆஃப் என்றால் ஒருவர் வாரத்துக்கு 72 மணி நேரம் வேலை செய்கிறார். ஐந்து இடத்தையும் நிரப்ப, சி.எல்., சிக் லீவு எல்லாம் கூட்டினால் 13 பேர் போதும். எட்டு மணி நேர ஷிப்ட், ஒரு நாள் ஆஃப் என்றால் வாரத்துக்கு 48 மணி நேரம். அப்போது 20 பேர் தேவை. வித்தியாசம் ஏழு பேர்.

சம்பளம் 20,000 ரூபாய் என்று வைத்தால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கோடு ஒருவருக்கு சுமார் 22,600 ஆகும். ஏழு பேருக்கு மாதம் 1,58,200. அந்த 20,000 நான் கற்பனையாக எடுத்த தொகை அன்று. தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் சம்பளம் பற்றி 2016-ல் உச்ச நீதிமன்றம் அமைக்கச் சொன்ன குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த இடத்தில்கூட 20,000-க்குக் கீழே போகக்கூடாது என்று பரிந்துரைத்தது. ஐம்பதிலிருந்து நூறு படுக்கை என்றால் மாநில அரசு நர்ஸின் சம்பளத்தைவிட 25%-க்கு மேல் குறையக்கூடாது என்றது. உங்கள் இடத்தில் இதைவிடக் குறைவாகக் கொடுக்கிறீர்கள் என்றால், தயவுசெய்து ஒன்றரை லட்சத்தை அதில் போடுங்கள். மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

பலர் கவனிக்காத ஒரு வழி நடுவில் இருக்கிறது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டையே வைத்துக்கொண்டு வாரத்தில் இரண்டு நாள் ஆஃப் கொடுத்தால் வேலை நேரம் 60 மணியாகக் குறையும். தேவை 16 பேர். மூன்று பேரைச் சேர்த்தால் போதும், மாதம் 67,800. மூன்று நாள் ஆஃப் என்றால் 48 மணி நேரம் ஆகிவிடும். அதற்கும் எட்டு மணி ஷிப்டுக்கும் ஆள் கணக்கு ஒன்றேதான், அதே 20 பேர்.

எட்டு மணி நேரம் நல்லது, பன்னிரண்டு மணி நேரம் கெட்டது என்று நானும் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு ஐரோப்பிய நாடுகளில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட நர்ஸ்களிடம் நடத்தி 2015-ல் வெளியான ஆய்வும், பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்கிறவர்களிடம் சோர்வும் வேலையை விடும் எண்ணமும் கூடுதல் என்றே சொன்னது. எங்கள் மருத்துவமனையில் மூன்று ஷிப்டாக மாற்றினோம். மாலை ஷிப்ட் எட்டரைக்கு முடியும். ஹேண்ட்ஓவர் கொடுத்து வெளியே வர ஒன்பதாகும். கிராமத்துக்குப் போகும் கடைசி டவுன் பஸ் எட்டு ஐம்பதுக்கு. முதல் மாதத்திலேயே ஒரு சிஸ்டர் வந்து, "மேடம், பழைய மாதிரியே பன்னிரண்டு மணி நேரம் போடுங்க. பஸ் ஸ்டாண்டில ஒத்தையா நிக்கிறதுக்கு வார்டில நிக்கிறது மேல்" என்றார். அன்றைக்குத்தான் புரிந்தது, ஷிப்டின் நீளத்தோடு பஸ் நேரத்தையும் நான் நோட்டில் எழுதியிருக்க வேண்டும்.

ஆகவே மூன்று ஷிப்டின் மறைந்த செலவு, மாலை ஷிப்ட் முடிகிறவர்களுக்கு ஒரு வண்டி. இரண்டு ஷிப்டின் மறைந்த செலவு, கடைசி மூன்று மணி நேரத்தில் நடக்கும் தவறுகள். எதைத் தேர்ந்தாலும் வார மொத்த நேரத்தைக் குறைப்பதே முக்கியம். ஹாஸ்டலிலோ நடந்து வரும் தூரத்திலோ இருப்பவர்கள் அதிகம் என்றால் எட்டு மணி நேரம். வெளியூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் அதிகம் என்றால் பன்னிரண்டு மணி நேரமும் கூடுதல் ஆஃபும். அவர்களையே கேட்டு முடிவு செய்யுங்கள்.

இவ்வளவு பணம் போட்டால் பலன் உண்டா? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-ல் வெளியான, நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கனின் ஆய்வை இன்றுவரை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால் அவர் பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23% கூடியது. அறுவை சிகிச்சை செய்துகொண்ட நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7% கூடியது. கலிஃபோர்னியா மாநிலம் 2004 முதல் நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான் என்று சட்டமாகவே வைத்திருக்கிறது.

இன்னொரு பக்கத்துக் கணக்கும் உண்டு. ஆள் எடுக்காமல் இருப்பதும் இலவசமில்லை. ஒருவர் போனால் அவர் ஷிப்டை மற்றவர்கள் டபுள் டியூட்டியாகப் பார்க்கிறார்கள். புதிதாக வருகிறவரைச் சில மாதங்களுக்கு நைட்டில் தனியாக விட முடியாது. ஹாஸ்டலில் ஒரே அறையில் இருப்பவர்கள் சேர்ந்தே போவார்கள். அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைத்து ஆளைத் தக்கவைக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அப்படிப் பிடித்து வைக்கப்பட்ட ஆள் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். அதை உடனே நிறுத்துங்கள், பைசா செலவில்லை.

எப்போது இது சரிவராது? ஆள் கிடைக்காத ஊர்களில். விளம்பரம் கொடுத்து ஆறு மாதம் காத்திருக்கும் நிலை என்றால் அடுத்த வழிக்குப் போங்கள்.

## 2. நர்ஸின் வேலை அல்லாததை நர்ஸிடமிருந்து எடுப்பது

என் மனசுக்கு மிகவும் பிடித்த வழி இது. காசுக்கு ஏற்ற பலன் என்று பார்த்தாலும் இதுதான் முதலிடம்.

ஒரு நாள் ஒரு ஸ்டாஃபின் பின்னாலேயே காலை ஏழரையிலிருந்து பன்னிரண்டு வரை நடந்தேன். மருந்து இண்டென்ட் (தேவைப் பட்டியல்) எழுதி ஃபார்மசிக்குப் போய் வாங்கி வந்தார். லேப் சாம்பிளைக் கீழ்த்தளத்தில் கொடுத்தார். காப்பீட்டுக் கோப்புக்கு ரேஷன் கார்டு நகல் கேட்டு நோயாளியின் உறவினரைத் தேடினார். லிப்ட் பக்கத்தில் வீல்சேருக்காக நின்றார். பிபியும் சுகரும் மூன்று இடத்தில் எழுதினார்: கேஸ்‌ஷீட்டில் ஒருமுறை, ரிஜிஸ்டரில் ஒருமுறை, கம்ப்யூட்டரில் ஒருமுறை. நோயாளியின் பக்கத்தில் அவர் நின்ற நேரத்தை என் வாட்சில் பார்த்தேன். நாலரை மணி நேரத்தில் ஒன்றே கால் மணி நேரம்.

வார்டுக்கு ஒரு கிளார்க், ஒரு உதவியாளர். இவ்வளவுதான் கேட்பது. இரண்டு பேருக்கான சம்பளம் ஒன்றரை நர்ஸின் சம்பளத்துக்குள் அடங்கிவிடும், ஆள் கிடைப்பதும் எளிது.

காசே இல்லாமல் செய்யக்கூடியது எழுத்தைக் குறைப்பது. ஹவாய் தீவுகளில் உள்ள ஹவாய் பசிஃபிக் ஹெல்த் என்ற மருத்துவமனைக் குழுமம் 2017-ல், "தேவையே இல்லாமல் எதை எழுதுகிறீர்கள், சொல்லுங்கள்" என்று தன் ஊழியர்களைக் கேட்டது. வந்த பதில்களில் ஒன்று, நோயாளியை மணிக்கு ஒருமுறை பார்த்ததாகக் கம்ப்யூட்டரில் குறிப்பது. ஒரு குறிப்புக்கு 24 விநாடிதான். அதை நீக்கியபோது நான்கு மருத்துவமனைகளிலும் சேர்த்து மாதத்துக்கு சுமார் 1,700 நர்ஸ் மணி நேரம் மிச்சமானது.

மறைந்த செலவு ஒன்று இருக்கிறது. மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்.ஏ.பி.எச். அமைப்பின் தணிக்கைக்கு வேண்டும் என்று பயந்து யாரும் எந்த ரிஜிஸ்டரையும் மூட முன்வரமாட்டார்கள். தரப்பிரிவு அலுவலரை உட்கார வைத்து, எந்த ரிஜிஸ்டர் உண்மையில் கேட்கப்படுகிறது, எது பழக்கத்தால் எழுதப்படுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எங்களுக்கு இது இரண்டு மாதம் பிடித்தது. இருபத்தேழு ரிஜிஸ்டரில் ஒன்பது போயிற்று.

## 3. சாப்பாடு, ஓய்வறை, வண்டி

சின்ன விஷயம் என்று தோன்றும். லினன் ரூமில் அழுக்குத் துணி மூட்டைமேல் உட்கார்ந்து மாலை நாலு மணிக்கு மதியச் சோற்றைச் சாப்பிடும் பெண்ணைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். டப்பா மூடியைத் திறந்து வைத்திருப்பாள், கண் கால்பெல் போர்டில் இருக்கும், நாலு வாய் போனதும் விளக்கு எரியும். மூடிவிட்டு எழுந்து போவாள். தயிர் சாதம் புளித்திருக்கும். நைட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். பாத்ரூம் இரண்டு தளம் தள்ளி, இருட்டில்.

ஓய்வறை என்பது பாதுகாப்பும்கூட. 2024 ஆகஸ்ட் 9-ல் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் கொல்லப்பட்ட முதுநிலைப் பயிற்சி மருத்துவர், நீண்ட பணிக்கு நடுவே ஓய்வெடுக்கப் போனது ஒரு கருத்தரங்கு அறைக்கு. அதற்குப் பிறகு உச்ச நீதிமன்றம் அமைத்த தேசியப் பணிக்குழுவின் பொறுப்புகளில் மருத்துவப் பணியாளர்களுக்கான ஓய்வறையும் இடம்பெற்றது. உள்ளே தாழ்ப்பாள், வெளியே விளக்கு, கேமரா உள்ள நடைபாதை, பக்கத்திலேயே கழிப்பறை. உங்கள் கட்டடத்தில் எந்த அறையை இப்படி மாற்ற முடியும் என்று இன்றே நடந்து பாருங்கள்.

ஒருமுறைச் செலவு சில பத்தாயிரம், நைட் ஸ்டாஃபுக்குச் சூடான சாப்பாடு மாதச் செலவு. மறைந்த செலவு என்னவென்றால், அறை இருந்தும் போக ஆள் இல்லாமை. சாப்பாட்டு நேரத்தில் அரை மணி நேரம் அவர் படுக்கைகளைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் பெயர் லிஸ்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதாவிட்டால் அறை ஆறு மாதத்தில் ஸ்டோர் ரூம் ஆகிவிடும், நான் இரண்டு இடங்களில் பார்த்திருக்கிறேன்.

## 4. மனநல ஆலோசகர்

ஆலோசகரைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. சில நிலைமைகளில் வேறு எதுவும் உதவாது. தொடர்ந்து தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, வாழவே வேண்டாம் என்ற பேச்சு: இவை பணிச்சோர்வைத் தாண்டியவை. அங்கே ஆள் சேர்ப்பதும் ரிஜிஸ்டர் மூடுவதும் மருந்தாகாது, அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். 2022-ல் தொடங்கப்பட்ட அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416, இருபத்திநாலு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். அந்த எண்ணை நர்சிங் ஸ்டேஷனில் ஒட்டி வைப்பதற்கு எந்த பட்ஜெட்டும் வேண்டாம்.

ஆனால் சம்பளத்துக்கு ஒரு ஆலோசகரை வைப்பது என்று வரும்போது யோசியுங்கள். எங்கள் இடத்தில் வாரம் இரண்டு நாள், பத்து முதல் ஐந்து வரை ஒருவர் வந்தார். நல்ல பெண், பொறுமையாகக் கேட்பார். அறை எச்.ஆர். அலுவலகத்துக்கு எதிரே இருந்தது. முதல் மூன்று மாதத்தில் நர்ஸ்கள் யாரும் போகவில்லை. டியூட்டியில் இருப்பவர் வார்டை விட்டு வர முடியாது. நைட் முடித்தவர் தூங்குவாரா, வருவாரா? அதற்கும் மேல், "போனா அப்ரைசல்ல எழுதிடுவாங்களாம்" என்ற பேச்சு. அது உண்மையில்லை. ஆனாலும் பயம் பயம்தானே.

வைப்பதென்றால் மருத்துவமனைக்கு வெளியே உள்ளவரை வையுங்கள். போனில் பேசும் வசதி இருக்கட்டும், இரவு எட்டுக்கு மேலும் எடுக்கட்டும். பில்லில் எத்தனை பேர் என்று மட்டும் வரட்டும், பெயர் வரக்கூடாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களின் ரகசியத்தை உரிமையாகவே தருகிறது என்பதை நிர்வாகத்துக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். நேரக் கணக்கு ஏற்கெனவே சரியாக இருந்து, ஐசியு, புற்றுநோய், பிரசவ வார்டு என்று மனபாரம் கூடிய பிரிவுகள் உள்ள மருத்துவமனைக்கு இது நல்ல முதலீடு.

## 5. கூடிப் பேசும் மணி நேரம்

கென்னத் ஷ்வார்ட்ஸ் என்பவர் பாஸ்டனில் வழக்கறிஞர். நுரையீரல் புற்றுநோயால் 1995-ல் இறந்தார். சிகிச்சையின்போது மருத்துவ ஊழியர்களின் சிறு சிறு கனிவுகள் தன்னைத் தாங்கியதை உணர்ந்தவர். அவர் பெயரால் தொடங்கிய அமைப்பு உருவாக்கியதுதான் ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ். மாதம் ஒரு மணி நேரம் டாக்டர், நர்ஸ், ஹவுஸ்கீப்பிங் எல்லோரும் உட்கார்ந்து, ஒரு நோயாளியைப் பார்த்தபோது தங்கள் மனசுக்குள் என்ன நடந்தது என்று பேசுவார்கள். சிகிச்சை சரியா தவறா என்ற விசாரணை அங்கே கிடையாது. இங்கிலாந்தில் இதை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, தொடர்ந்து கலந்துகொண்டவர்களில் மன நெருக்கடியில் இருந்தவர்கள் 25%-லிருந்து 12% ஆனார்கள். வராதவர்களிடம் பெரிய மாற்றமில்லை.

எனக்கு இது ஏன் முக்கியமாகப் படுகிறது என்று சொல்கிறேன். குழந்தைகள் வார்டில் ஒரு இரவு ஐந்து வயதுப் பையன் இறந்தான். டெங்கு. அவன் அம்மாவின் புடவை நுனியைக் கையிலிருந்து பிரித்தெடுத்தவள் இருபத்திமூன்று வயது ஸ்டாஃப். பத்தாவது நிமிடம் அதே படுக்கைக்கு அடுத்த அட்மிஷன் வந்தது. அவளே பெட்ஷீட் மாற்றினாள். காலையில் ஹேண்ட்ஓவரில் "ஒரு டெத், ஒரு அட்மிஷன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எட்டு நாள் கழித்து ராஜினாமா கடிதம், காரணம் "குடும்பச் சூழ்நிலை".

செலவு மிகக் குறைவு: டீ, வடை, பேச்சை நடத்தத் தெரிந்த ஒருவர், ஒரு மணி நேரம். அந்த மணி நேரம் டியூட்டி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்பதே பெரிய நிபந்தனை. மறைந்த ஆபத்தும் உண்டு. அங்கே சொன்ன ஒரு வார்த்தையை யாராவது பிற்பாடு ஷோகாஸ் நோட்டீஸில் எழுதினால், அத்தோடு அந்தக் கூட்டம் செத்துவிடும், பத்து வருடத்துக்கு உயிர்ப்பிக்க முடியாது. முதலாளி டாக்டர் வருவதாக இருந்தால் தன் கதையைச் சொல்ல வரட்டும், கேள்வி கேட்க வேண்டாம்.

இரண்டு மூன்று பேர் மட்டும் உள்ள மிகச் சிறிய யூனிட்டுக்கு இது ஒத்துவராது. அங்கே ஒரு மரணத்துக்குப் பிறகு அந்த நர்ஸுக்கு அடுத்த அட்மிஷனைக் கொடுக்காமல் இருபது நிமிடம் விடுவது போதும்.

## 6. யோகா, தியானம், கொண்டாட்டங்கள்

செய்பவர்களுக்கு நல்லது, சந்தேகமில்லை. நான் தினமும் மூச்சுப்பயிற்சி செய்கிறேன். ஆனால் மருத்துவமனை தன் முதல் பணத்தை இதில் போடக்கூடாது. பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களை வைத்து வில்லியம் ஃப்ளெமிங் என்ற ஆய்வாளர் செய்து 2024-ல் வெளியான ஆய்வில், இத்தகைய தனிநபர்த் திட்டங்களில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நல்ல நிலையில் இருப்பதாகத் தெரியவில்லை. நைட் முடித்தவரைக் காலை எட்டரைக்கு யோகா பாயில் உட்காரச் சொல்லிக் கையெழுத்து வாங்கும் இடங்கள் உண்டு. மே 12 நர்ஸ் தினத்துக்கு கேக் வெட்டுங்கள், நல்லதுதான், ஆனால் அன்றைக்கு ஆஃபில் இருப்பவரை யூனிஃபார்மோடு வரச் சொல்லாதீர்கள். மற்றவை எல்லாம் சரியாக இருந்து, ஊழியர்களே கேட்டால், டியூட்டி நேரத்தில் விருப்பமுள்ளவர்களுக்கு வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | நேரத்தை | நைட் ஸ்டாஃபுக்குச் சேருமா | பண அளவு | பில்லில் வராதது | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|---|
| ஆள் சேர்ப்பு, கூடுதல் ஆஃப் | நிறையக் கொடுக்கும் | சேரும் | அதிகம் | மாலை வண்டி, புதியவர் பயிற்சி | வாரம் 60 மணிக்கு மேல் வேலை நடக்கும் இடம் |
| கிளார்க், உதவியாளர், எழுத்துக் குறைப்பு | கொடுக்கும் | பாதி | நடுத்தரம் | ரிஜிஸ்டரை மூட எடுக்கும் இரண்டு மாதம் | நர்ஸ் கிடைக்காத ஊர் |
| சாப்பாடு, ஓய்வறை, வண்டி | சிறிது கொடுக்கும் | நன்றாகச் சேரும் | குறைவு | இடைவேளைக்கு மாற்று ஆள் | எல்லா இடமும் |
| ஆலோசகர் | எடுக்கும் | போன் வழி என்றால் மட்டும் | நடுத்தரம் | பெயர் வெளியே தெரியும் பயம் | மனபாரம் கூடிய பிரிவுகள் |
| கூடிப் பேசுதல் | டியூட்டிக்குள் என்றால் எடுக்காது | நேரம் மாற்றி வைத்தால் | மிகக் குறைவு | ஒரே ஒரு முறை நம்பிக்கை உடைந்தால் போயிற்று | ஐசியு, குழந்தைகள், டயாலிசிஸ் |
| யோகா, கொண்டாட்டம் | பெரும்பாலும் எடுக்கும் | சேராது | குறைவு | கட்டாயக் கையெழுத்து | மற்றவை முடிந்த பிறகு |

## அந்த ஒன்றரை லட்சத்துக்கு

நான் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னது இது. உங்கள் பெரிய வார்டில் மூன்று நர்ஸைக் கூடுதலாக எடுத்து இரண்டு நாள் ஆஃப் கொடுங்கள், சுமார் 68,000 போகும். ஒரு கிளார்க்கும் ஒரு உதவியாளரும் போடுங்கள். மிச்சத்தில் நைட் சாப்பாடு, ஓய்வறைத் தாழ்ப்பாள். மாதம் ஒரு மணி நேரப் பேச்சுக்கு டீ செலவுதான். ஆலோசகர் ஆறு மாதம் கழித்து.

ஐம்பதாயிரம்தான் இருக்கிறது என்றால் இரண்டாவது வழியும் மூன்றாவது வழியும். ஒன்றுமே இல்லை என்றால்கூடச் செய்யக்கூடியவை மூன்று உண்டு: தொடர்ந்து நாலு நைட்டுக்கு மேல் போடாதீர்கள், நைட் முடிந்த நாளை ஆஃப் நாளாகக் கணக்கில் எழுதாதீர்கள், அடுத்த மாத டியூட்டி லிஸ்ட்டை 20-ஆம் தேதிக்குள் ஒட்டிவிடுங்கள்.

பலன் தெரிகிறதா என்று பார்க்கப் பெரிய சர்வே வேண்டாம். மாதாமாதம் நாலு எண்ணை ஒரே தாளில் எழுதுங்கள்: டபுள் டியூட்டி எத்தனை, சிக் லீவு எத்தனை, ஊசி குத்திய சம்பவம் எத்தனை, ராஜினாமா எத்தனை. முதலாவது முதல் மாதத்திலேயே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பணம் எங்கோ வேறு பக்கம் போகிறது.

லிஸ்ட்டை முன்கூட்டியே ஒட்டுவதை எங்கள் வார்டில் ஆரம்பித்த முதல் மாதம், ஒரு சிஸ்டர் நோட்டீஸ் போர்டு முன்னால் நின்று விரலால் தேதிகளைத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். "தங்கச்சிக்கு வளைகாப்பு, மேடம். எனக்கு எப்ப ஆஃப்னு தெரியாம தேதி குறிக்காம வச்சிருந்தாங்க" என்றார். உடனே போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை.